கவனம் போன வழி

மனிதன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் விவரங்களைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்த்தால், அவற்றுள் அவன் தானாகத் தேடிக்கொண்டது மிகச் சொற்பம் என்பது புலப்படும். பெயரைப் பெற்றோர் இட்டார்கள். ஊரும் குலமும் சமயமும் பிறக்கும்போதே வந்து ஒட்டிக்கொண்டன. உத்தியோகத்தைப் பெரும்பாலும் காலமும் குடும்பத்தின் தேவையும் நிர்ணயித்தன. சுபாவம் என்று பிறர் குறிப்பிடுவதும்கூட, அவர்கள் அவனைச் சந்திக்க நேர்ந்த சந்தர்ப்பங்களின் தொகுப்பேயன்றி வேறில்லை. இவற்றையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் களைந்துகொண்டே போய், இறுதியில் எஞ்சுவது யாது என்று வினவுவது வேதாந்திகளின் மார்க்கம். அவர்கள் அந்த வினாவை ஆத்ம தத்துவத்திலே கொண்டுபோய் நிறுத்துவார்கள். அத்துணை தூரம் செல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. லௌகிகத்தில் காலூன்றி நிற்பவனுக்கு எட்டக்கூடிய விடை ஒன்று உண்டென்று மட்டும் நெடுநாளாகத் தோன்றி வருகிறது. தன்னை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற பிரக்ஞை உதிப்பதற்கு முன்பே, புகழை விரும்பாமலும் தண்டனைக்கு அஞ்சாமலும், ஒரு பிள்ளை எந்தப் பொருளின்மீது தன் கவனத்தை மீண்டும் மீண்டும் கொண்டுபோய் வைக்கிறதோ, அந்தக் கவனமே பிற்காலத்தில் அந்த மனிதன்.

இதை ஓர்ஸ் ஹில்லில் இருந்துகொண்டு எழுதுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. தமிழில் உவர்மலை என்றும் ஆங்கில வழக்கில் ஓர்ஸ் ஹில் என்றும் அழைக்கப்படும் இந்த மேடு, திருகோணமலையின் உட்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்பது. மலை என்ற பெயருக்கு ஏற்ற உயரம் இதற்கில்லை. ஆனாலும் மரங்களுக்கும் வீட்டுக் கூரைகளுக்கும் இடையே திடீரென்று நீர் தென்படும்போது, ஏறி வந்த தூரத்தைக் காட்டிலும் அதிகமான உயரத்தில் நிற்பதாகவே மனம் நம்பிவிடும். விவேகானந்தர் பெயர் தாங்கிய கல்லூரியும், இராணுவ முகாமும், உத்தியோகஸ்தர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் வீதிகளும் இங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. துறைமுகத்தின் அக்கரையில் சீனக்குடா. அங்கே பிரித்தானியர் தங்கள் கப்பற்படைக்காகக் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்கள் காட்டினிடையே வரிசை வரிசையாக நிற்கின்றன.

பிறர் இடும் பெயர்களும் ஏற்றும் கொடிகளும் எவ்வளவு அநித்தியமானவை என்பதை உணர்த்துவதற்கு இந்தத் துறைமுகத்தைவிடச் சிறந்த ஆசான் அகப்படுவது அரிது. போர்த்துக்கேயர் 1622இல் திருக்கோணேஸ்வர ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் 1639இல் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டு பிறந்தபோது ஒல்லாந்தரிடம் இருந்த துறைமுகம், அவ்வாண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆகஸ்ட் முடிவதற்குள் சுஃப்ரன் என்ற பிரெஞ்சுத் தளபதியின் கையில் இருந்தது. 1795இல் மீண்டும் வந்த ஆங்கிலேயர், கோட்டைக்குத் தங்கள் இளவரசர் ஒருவரின் ஞாபகார்த்தமாகப் பிரெடரிக் என்று பெயர் சூட்டி, 1957 ஒக்டோபர் வரையில் கப்பற்படைத் தளத்தை விட்டு நகரவில்லை. இவ்வளவு கொடிகளின் கீழும், மீன்பிடிப்பவன் அதே காற்றைப் பார்த்துத்தான் வள்ளத்தை இறக்கினான்.

ஆலயத்தின் சரித்திரமோ இன்னும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. இடிக்கப்பட்ட கோயில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மீண்டும் எழவில்லை. ஆயினும் வழிபாடு நிற்கவில்லை. ஆலயம் இருந்த சுவாமி மலையின் விளிம்பிலே நின்று, கோபுரமும் மண்டபமும் இல்லாத வெறும் பாறையை நோக்கிப் பூவும் பழமும் வெற்றிலையும் கடலிலே சொரிந்து தீபம் காட்டும் வழக்கம், தலைமுறைகளைக் கடந்து தொடர்ந்து வந்தது. 1950இல் நகருக்குள் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டன. 1963இல் புதிய ஆலயத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. இடைப்பட்ட நெடுங்காலத்தில் திருக்கோணேஸ்வரம் எங்கே இருந்தது என்று கேட்டால், அந்தப் பாறையின் பக்கம் திரும்பிய முகங்களில் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஓர் ஊருக்குப் பொருந்துகின்ற இந்த உண்மை, ஒரு தனி மனிதனுக்கும் பெரும்பாலும் பொருந்தும் என்றே கருதுகிறேன்.

என் தகப்பனார் கப்பற்படைத் தளத்திலே கிளாக்கர் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் இங்கே பல குடும்பங்களுக்கு டொக்யாட் என்ற ஒரு சொல்லே சம்பளம், சங்கொலி, விடுமுறை, வருங்காலம் எல்லாமாக இருந்தது. எங்களோடு படித்த பையன்களுக்குக் கப்பல்களின்மேல் மோகம். தூரத்தில் வரும்போதே இன்ன வகை, இன்ன நாடு என்று பந்தயம் கட்டுவார்கள். எனக்கோ கப்பல்களில் மனம் செல்லவில்லை, காற்றுகளின்மீது சென்றது. வைகாசி, ஆனி மாதங்களில் தரையிலிருந்து அனலை வாரிக்கொண்டு வீசும் கச்சான், மழைக்காலத்தில் கடலைக் கலக்கி ஈரத்தைச் சுவரில் ஏற்றும் வாடை ஆகியவற்றின் வரவையும் போக்கையும், எந்தக் காற்றில் எந்த மீன் படும், எப்போது கரைவலை வளைப்பார்கள், எப்போது வள்ளங்களைக் கரையிலே கவிழ்த்து வைப்பார்கள் என்பவற்றையும், கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வேன். வலை இழுக்கும்போது அவர்கள் பாடும் அம்பாப் பாட்டின் அடிகளுக்கு அர்த்தம் கேட்டால் சிரிப்பார்கள். இழுப்பதற்குத்தான் பாட்டு, அர்த்தத்துக்கல்ல என்பார்கள். எழுதச் சொன்னவர் ஒருவருமில்லை. முற்றத்து வேப்பமரத்தின் இலை அசைவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அம்மம்மா மட்டும், “என்ன தம்பி, காத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? காத்து கண்ணுக்குத் தெரியுதோ?” என்று கேட்பா. தெரிவதாகவே அப்போது எனக்கு நிச்சயமாக இருந்தது.

இவ்வகையான பற்றுதலுக்குக் காரணம் தேடுவது வீண். பூர்வ வாசனை என்பார் பழைய ஞானிகள். இக்கால மனோதத்துவ நிபுணர் வேறு பெயர் சொல்வர். அந்தப் பற்றுதல் தனித்து நின்றால் அதற்கு ஆயுள் குறைவு என்பதே இங்கு நான் சொல்ல விரும்புவது. பத்து வயதில் மூண்ட பித்து பதினைந்து வயதில் தணிந்துபோவதை எத்தனையோ பிள்ளைகளிடம் காண்கிறோம். அது தணியாமல் நிலைபெற வேண்டுமாயின், வீடும் ஊரும் சம்பிரதாயமும் கொடுக்கின்ற ஏதோவொன்று வந்து அதனுடன் கூட வேண்டும். பற்றுதல் பிள்ளையினுடையது; அதற்கு மொழியும் ஒழுங்கும் நேர்மையும் கொடுப்பது வளர்ப்பு. வளர்ப்பு மாத்திரம் இருந்து பற்றுதல் இல்லையானால் சடங்கு மிஞ்சும்; பற்றுதல் மாத்திரம் இருந்து வளர்ப்பு வாய்க்கவில்லையானால், தான் கண்டதைப் பிறருக்குச் சொல்ல வழியறியாத தவிப்பு மிஞ்சும்.

எனக்கு அந்தக் கூட்டுறவு புராணபடனத்தில் வாய்த்தது. கோயில் மண்டபத்தில் விளக்கின் முன்னே இருவர் அமர்ந்திருப்பர். ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் சொல்லுக்குச் சொல் பிரித்துப் பயன் சொல்லுவார். வாசிப்பவர் பிழையாகச் சீர் பிரித்தால், சபையில் இருக்கும் முதியவர் ஒருவர் தொண்டையைச் செருமுவார்; அவ்வளவுதான், வாசிப்பு நின்று, திருத்தம் பெற்று, மறுபடி தொடங்கும். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அதில் எவ்வளவு விளங்கிற்று என்பது சந்தேகமே. ஆனால் ஒரு சொல்லை உச்சரிப்பதற்கும் அதன் பொருளுக்குப் பொறுப்பேற்பதற்கும் இடையே உள்ள தூரமும், அந்தத் தூரத்தைக் கடக்கப் பெரியவர்கள் எடுத்துக்கொள்ளும் சிரத்தையும் எங்கள் சித்தத்தில் ஊறிவிட்டன. கடற்கரையிலே கேட்ட சொற்களைக் கொப்பியில் எழுதும்போது, கேட்டதைக் கேட்டபடியே எழுத வேண்டும், அலங்காரம் செய்யலாகாது என்ற ஒரு விதியை நான் எனக்கு நானே விதித்துக்கொண்டதாக எண்ணியிருந்தேன். அது அந்த மண்டபத்தில் யாரோ ஒரு முதியவருடைய தொண்டைச் செருமலிலிருந்து வந்தது என்பது வெகுகாலம் கழித்தே தெரிந்தது.

வளர்ப்பு கொடுத்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இராவணன் எங்களுக்கு அரக்கனாக அறிமுகமானவன் அல்லன். சுவாமி மலையிலே செங்குத்தாகப் பிளந்து கிடக்கும் பாறையைக் காட்டி, தாய் வழிபடுவதற்காக இந்த மலையையே பெயர்த்துக்கொண்டு போக நினைத்து வாளால் வெட்டினான் என்று சொல்வார்கள். அதன் பெயர் இராவணன் வெட்டு. கன்னியாவுக்குப் போனால், ஒன்றுக்கொன்று சூட்டில் வேறுபடும் ஏழு வெந்நீர்க் கிணறுகளைக் காட்டி, தாய்க்கு அந்தியக் கிரியை செய்வதற்காக அவன் தோற்றுவித்தவை என்பார்கள். இறந்தவர்களுக்குரிய கடனை அங்கே சென்று கழிக்கும் வழக்கமும் அதனோடு பிணைந்தது. அதே பிள்ளைகள் இராமகாதையைக் கேட்கும்போது இராமன் பக்கமே நின்றார்கள். சம்பந்தர் தம் பதிகங்களில் வழக்கமாக இராவணனைச் சிவன் விரலால் அடர்த்த செய்தியைச் சொல்வதையும் ஓதினார்கள். தோற்றவனுக்கும் ஒரு தாய் இருந்தாள், அவளிடத்தில் அவனுக்குப் பக்தி இருந்தது என்ற எண்ணத்தை, தர்மம் வென்றது என்ற எண்ணத்தோடு சேர்த்து, ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடாதபடி மனத்தில் வைத்துக்கொள்ளும் பயிற்சி எங்களுக்கு எவரும் போதிக்காமலே கிட்டியது. பிற்காலத்தில் இந்தத் தீவுக்கு நேர்ந்தவற்றைப் பார்த்தபோது, அந்தப் பயிற்சி எவ்வளவு அருமையானது என்று நினைத்துக்கொள்வேன்.

சொந்த அநுபவம் சிறியது. பெரிய திருஷ்டாந்தம் ஒன்று இந்தக் கிழக்குக் கரையிலேயே இருக்கிறது. 1892 மார்ச் 27ஆம் தேதி காரைதீவில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்குப் பிறந்த மயில்வாகனம் என்ற பிள்ளை, பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தர் ஆனார். அவருடைய வாழ்க்கைக் குறிப்பைப் படிப்பவருக்கு முதலில் ஒரு மயக்கம் உண்டாகும். மட்டக்களப்பில் ஆங்கிலக் கல்வி, ஆசிரியப் பயிற்சி, கொழும்பிலே விஞ்ஞான டிப்ளோமா, 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டம், இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம், யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியர், மானிப்பாயில் அதிபர், 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் பிரமசாரி, 1924இல் துறவி, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர், இமயமலைச் சாரலிலே பிரபுத்த பாரத ஆசிரியர். இத்தனை வேஷங்களுக்குள்ளே இவர் யார் என்ற வினாவுக்கு, அவரது கடைசி நூல் விடை சொல்லுகிறது.

அந்த நூல் யாழ் நூல். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே இசையைப் பற்றி வரும் நுட்பமான செய்திகளையும் உரையாசிரியர்களின் குறிப்புகளையும் ஆதாரமாகக் கொண்டு, வழக்கொழிந்துபோன யாழ்க்கருவியின் அமைப்பையும் பண்களின் சுருதிக் கணக்கையும் கணித முறையில் மீட்டெடுக்க முயன்ற அந்த ஆராய்ச்சி, அவரது ஆயுளில் பல ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. சங்கீத வித்துவான்கள் பலர் இருக்க, சம்பிரதாய உரைகளில் வல்ல புலவர்கள் பலர் இருக்க, ஒரு விஞ்ஞானப் பட்டதாரித் துறவிக்கு இது ஏன் தலையில் விழுந்தது? காரைதீவிலே கண்ணகி அம்மன் கோயில் இருக்கிறது. கிழக்கிலங்கையில் வைகாசித் திங்களிலே கண்ணகைக்குச் சடங்கும் குளிர்த்தியும் நடக்கும், வழக்குரை பாடப்படும். தமிழகத்திலே ஏட்டிலே உறங்கிக் கிடந்து, உ. வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பித்த பிறகு படித்தவர் கைக்கு வந்த அந்தக் கதை, மட்டக்களப்புத் தமிழகத்தில் ஏடு பார்த்தும் பார்க்காமலும் பாடிப் பரவப்பட்டு, வெப்பநோய்க்கு அஞ்சியவர்களின் வாயில் தெய்வத்தின் பெயராக உயிரோடு இருந்தது. காப்பியம் அச்சேறிய அதே ஆண்டில் பிறந்த அந்தப் பிள்ளைக்கு, சிலம்பின் கதை புத்தகமாக வருவதற்கு முன்பே ஒலியாக வந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். ஊகம் என்னுடையது, ஆனால் ஒலியின்மீது அவருக்கிருந்த தீராத கவனத்துக்கு வேறு சாட்சியும் உண்டு. நிலவுக் காலத்தில் மட்டக்களப்பு வாவியின் அடியிலிருந்து எழுவதாகச் சொல்லப்படும் இன்னிசையைப் பற்றி ‘நீரர மகளிர் இன்னிசைப் பாடல்’ என்று அவர் செய்யுள் செய்திருக்கிறார். வாவியில் எழும் ஓசையைக் காது கொடுத்துக் கேட்கும் சிறுவனும், நரம்பின் அதிர்வைக் கணக்கிடும் பட்டதாரியும், பழந்தமிழ் உரையைப் பிரித்துப் பொருள் காணும் பண்டிதரும் அந்த ஒரு நூலிலே ஒருவராகச் சங்கமித்தார்கள். 1947 ஜூனில் தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலிலே யாழ் நூல் அரங்கேறிற்று. ஜூலை 19ஆம் தேதி அவர் மறைந்தார்.

துறவு பூண்டவர் பூர்வாசிரமத்தைத் துறக்க வேண்டும் என்பது விதி. பெயரையும் உறவையும் உடைமையையும் அவர் துறந்தார். கேட்கும் செவியை மட்டும் துறக்க முடியவில்லை, துறக்க வேண்டிய அவசியமும் நேரவில்லை. துறவென்னும் நெருப்பிலும் வேகாமல் எஞ்சுவது எதுவோ அதைத்தானே நாம் தேடுகிறோம்?

தமிழும் சைவமும் அறியாத ஒருவரிடத்திலும் இந்த நியதி செல்லும் என்பதற்கு, சுவாமி மலையின் அடிவாரத்துக் கடலே சான்று. இங்கிலாந்திலே மைன்ஹெட் என்ற கடலோரச் சிற்றூரில் 1917இல் பிறந்த எழுத்தாளர் ஆர்தர் கிளார்க், சிறுவனாக இருந்தபோது தகப்பனார் கொடுத்த சிகரெட் அட்டையொன்றில் இருந்த பூர்வகால விலங்கின் படத்தைக் கண்டு, மறைந்துபோன உலகங்களின்மேல் மோகம் கொண்டவர். பிறகு அந்த மோகம் வானத்துக்குத் தாவிற்று. விண்ணிலே எடையற்று மிதக்கும் அநுபவத்துக்குப் பூமியில் மிகவும் நெருங்கி நிற்பது கடலுக்குள் மூழ்குதலே என்று கண்டு, அவர் ஆழ்கடலுக்கு வந்தார். 1956இல் அவரும் நண்பர் மைக் வில்சனும் இந்தப் பாறையின் கீழே மூழ்கியபோது, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டார்கள். மறைந்த உலகங்களைத் தேடிய பையனுடைய கவனம், நட்சத்திரங்களுக்குப் போகும் வழியிலே நம்முடைய கோயில் தூண்களின்மேல் வந்து தங்கிற்று. உடன் மூழ்கிய வில்சனோ, பின்னாளில் சுவாமி சிவகல்கி என்ற பெயரோடு துறவியாகிவிட்டார். ஒரே கடல், ஒரே காட்சி. ஒருவரை எழுத்துக்கும் மற்றவரைக் காவிக்கும் அனுப்பிற்று. காட்சி பொதுவானது, அதை நோக்கிய கவனங்கள் வேறு வேறு திசைகளிலிருந்து வந்தவை.

மூன்றாவது திருஷ்டாந்தம் சற்றுச் சிக்கலானது. திருகோணமலை நெடுங்காலமாகத் தன் எழுத்தாளர்களைக் கடல் கடந்து அனுப்பிவைத்திருக்கும் ஊர். சென்னையிலிருந்து 1895இல் ‘மோகனாங்கி’ என்ற சரித்திர நாவலை வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை இவ்வூரவர். 1939 ஏப்ரல் 20ஆம் தேதி இங்கே பிறந்த சிவராமலிங்கமும் அவ்வாறே சென்றவர். தருமு சிவராம் என்ற பெயரோடு, இருபது வயதை ஒட்டிய இளைஞராக, சி. சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ பத்திரிகையில் கவிதையும் விமரிசனமும் எழுதத் தொடங்கினார். பிறகு தமிழகம் போய் அங்கேயே தங்கிவிட்டார். எண்சாஸ்திரத்தில் அவருக்கிருந்த ஈடுபாட்டினால் பெயரை மாற்றிக்கொண்டே இருந்தார். அரூப் சிவராம், பானுச்சந்திரன் என்றெல்லாம் பல பெயர்கள் வந்து போக, பிரமிள் என்பது நிலைத்தது. நாடு மாறிற்று, பெயர் மாறிற்று, நட்புகளும் அடிக்கடி மாறின, நிலையான வீடோ உத்தியோகமோ இல்லை. 1997 ஜனவரி 6ஆம் தேதி வேலூருக்கு அருகே கரடிக்குடியில் அவர் இறந்தபோது, அடையாளங்களின் பட்டியலில் எழுதக்கூடியது மிகச் சிறிதே இருந்தது.

ஆனால் கவிதையைத் திறந்தால் நிலைமை வேறு. 1972இல் வந்த ‘கண்ணாடியுள்ளிருந்து’, 1976இல் வந்த ‘கைப்பிடியளவு கடல்’ ஆகியவற்றில், ஒரு பொருளை அதன் பெயர் நீங்கும் வரைக்கும் உற்றுப் பார்க்கும் பார்வை ஒன்று இடைவிடாமல் தொழிற்படுகிறது. கவிஞர் ஓவியரும் ஆனவர், களிமண்ணில் உருவம் வனைந்தவர். கண்ணும் கையும் முந்திக்கொள்ள மொழி பின்னாலே ஓடி வருகிற வேகத்தை அவர் எழுத்தில் எவரும் உணரலாம். ஒளி, நீர், பறவை, வெளி என்னும் பொருள்களை அவர் பார்க்கும் விதம் இந்தக் குடாவின் விடியற்காலத்தை அறிந்தவனுக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை. பெயர்களை அவர் உதிர்த்ததற்குக் காரணம் எண்சாஸ்திரமாக இருக்கலாம். அவ்வளவு சுலபமாக உதிர்க்க முடிந்ததற்குக் காரணம், தாம் யார் என்பதைப் பெயரிலே முதலீடு செய்து வைக்காத ஒரு நிச்சயமே என்று நான் நினைக்கிறேன். விபுலாநந்தர் துறவுக்காகப் பெயர் மாறி, வாழ்நாள் முழுவதும் பொதுப்பணியில் நின்றார். பிரமிள் பலமுறை பெயர் மாறி, எந்தப் பணிமனைக்கும் அடங்காமல் திரிந்தார். சுபாவத்தில் இருவரும் இரு துருவங்கள். பிள்ளைப் பிராயத்துக் கவனத்தைக் கைவிடாமையில் இருவரும் ஒரே ஜாதி.

இவ்வாறெல்லாம் எழுதுவது சுலபம். அடையாளத்தை நிதானமாகத் தேடிக்கொள்ளும் சாவகாசம் இந்த ஊருக்கு எப்போதும் இருந்ததில்லை என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் நியாயமானது. யுத்த காலத்தில் இந்த மேட்டின் வீதிகளிலும் நகரத்துச் சந்திகளிலும், நீ யார் என்ற வினாவைச் சோதனைச் சாவடி கேட்டது. சட்டைப் பையிலிருந்த அட்டை பதில் சொல்லிற்று. பெயர், பிறந்த இடம், தொழில், விலாசம் என்று அதில் எழுதியிருந்த ஒவ்வொன்றும் பொய்யில்லை. அந்தக் காலத்தில் அவற்றுள் பெயரும் பிறந்த ஊருமே ஒருவன் மாலையில் வீடு திரும்புவானா என்பதைத் தீர்மானிக்கப் போதுமானவையாக இருந்தன. அப்படிப்பட்ட நெருக்கடியில் மனிதர்கள் தங்களையும் அந்த அட்டையின் அளவுக்குச் சுருக்கிக்கொள்வது இயல்பு. அட்டையிலே உள்ளதை மட்டும் உரக்கச் சொல்லி, அதற்காகவே வாழவும் சாகவும் துணிந்தவர்கள் எல்லாத் தரப்பிலும் இருந்தார்கள். அவர்களை ஏளனம் செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. தாக்கப்படுகிற இடத்தைத்தான் கை மறைக்கும். ஆனால் அட்டையை வாங்கிப் பார்த்த இளைஞனுக்கும் ஒரு கிராமமும் ஒரு குளக்கட்டும் இருந்திருக்கும். அவன் சிறுவனாக இருந்தபோது எதை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு நின்றான் என்பதை அவன் சீருடையும் எனக்குச் சொல்லவில்லை, என் அட்டையும் அவனுக்குச் சொல்லவில்லை. சமூகங்கள் ஒன்றையொன்று அறியாமல் போவது, பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கலாசாரம் என்பதை ஒரு கோட்டையாக நினைப்பவர்கள், பிள்ளைகளை அதன் உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவதே வளர்ப்பு என்று கருதுகிறார்கள். நான் கண்டமட்டில் அதன் தொழில் வேறு. கண்ணகி சடங்கு விபுலாநந்தரைக் காரைதீவிலே கட்டிப்போடவில்லை. கொழும்புக்கும் சென்னைக்கும் இமயத்துக்கும் போய்வந்தவருக்கு, எல்லா இடத்திலும் கற்றதைக் கொண்டுவந்து வைப்பதற்கு ஓர் இடமாக அது காத்திருந்தது. புராணபடனம் என்னைச் செய்யுள் இயற்றும் புலவனாக்கவில்லை. வலைஞர் சொல்லுக்கும் புலவர் சொல்லுக்குரிய மரியாதையைக் கொடுக்கக் கற்பித்தது. நல்ல வளர்ப்பு, பிள்ளை எதைப் பார்க்க வேண்டும் என்று கட்டளையிடுவதைக் காட்டிலும், எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைத் தன் நடத்தையினாலே காட்டிவிட்டு ஒதுங்கி நிற்கிறது.

தன்னைத்தானே கண்டடைதல் என்று நாம் புகழ்ந்து பேசும் காரியம் தனி ஒருவனால் நடப்பதில்லை என்பதற்கு, மேலே சொன்ன விபுலாநந்தர், பிரமிள் ஆகிய இருவரின் சரித்திரங்களுக்கும் இடையே உள்ள ஒரு சிறு பாலத்தைச் சுட்டிக்காட்டி முடிக்கலாம். 1897இல் தொடங்கப்பட்ட திருகோணமலை இந்துக் கல்லூரி, 1920களில் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் வந்தது. விபுலாநந்தர் அதன் நிர்வாகத்தை ஏற்று, அதிபராகவும் கடமையாற்றினார். அவரும் மிஷனும் கிழக்கிலே பாடசாலைகளை எழுப்பி நடத்தியதன் நோக்கம், ஆங்கிலக் கல்விக்காகத் தன் சமயத்தையும் தமிழையும் வாசற்படியிலே கழற்றி வைக்க வேண்டிய நிர்ப்பந்தம் பிள்ளைகளுக்கு நேரலாகாது என்பதே. இந்த நகரத்தில் மிஷன் நடத்திய பாடசாலையில்தான் பிரமிளும் ஆரம்பக் கல்வி கற்றார். முறையான கல்வி என்று அவருக்குக் கிடைத்தது அவ்வளவே. துறவி எந்தக் கவிஞனையும் உத்தேசித்து வகுப்பறையைக் காக்கவில்லை. கவிஞனும் எந்தத் துறவிக்கும் நன்றி சொல்லும் சுபாவம் உடையவன் அல்லன். இருந்தபோதிலும் ஒருவருடைய பிள்ளைப் பிராயத்துச் செவி கட்டிக் காத்த ஓர் இடத்தில், வேறொருவருடைய பிள்ளைப் பிராயத்துக் கண்ணுக்கு எழுத்து கிடைத்தது.

இன்றைய ஓர்ஸ் ஹில் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக, பாடசாலை விட்டதும் ரியூசனுக்கும், ரியூசன் விட்டதும் அடுத்த ரியூசனுக்கும் முதுகு கொள்ளாத பையோடு போகிறார்கள். பெற்றோர் கவலையை நான் அறிவேன். சொத்து எதுவும் மிஞ்சாத தலைமுறை ஒன்று, பரீட்சையை மட்டுமே நம்பக் கற்றிருக்கிறது. அவர்களிடம் பெரிய தியாகம் எதையும் கேட்கத் தேவையில்லை. வாரத்தில் ஒரு மாலையை அட்டவணையிலிருந்து விடுவித்து, அந்த வேளையில் பிள்ளை எங்கே போய் நிற்கிறான், எதைப் பார்க்கிறான் என்று தூர இருந்து கவனித்து, அவன் பார்க்கும் பொருளுக்குரிய சொல் தங்களுக்குத் தெரிந்திருந்தால் அதைச் சொல்லிக் கொடுத்து, தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அழைத்துக்கொண்டு போவார்களேயானால், ஒரு மனிதன் தன்னைக் கண்டுகொள்வதற்குப் பெரியவர்கள் செய்யக்கூடிய உதவி அனைத்தையும் செய்து முடித்தவர்கள் ஆவார்கள்.